எழுத்து வேறு, தாலி வேறு

சென்ற இதழில் வாடகை வீடு எடுப்பதில் உள்ள சங்கடங்களை எழுதியிருந்தோம். இம்முறை எழுதப்போகும் விடயம் சிலருக்குக் கசக்கலாம். எங்களுக்கும் ஒரு காலம் கசந்ததுதான். பத்திரிகையை மடித்து வைக்காமல் கடைசிவரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். கிரான்பர்னில் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தோம். எல்லோரும் படகில் வந்தவர்கள், எல்லோருக்கும் தற்காலிக விசா, எல்லோருக்கும் டாண்டினோங் சவுத் தொழிற்சாலைகளில் வேலை. ஒருநாள் தபால்பெட்டியில் ஒரு உறை கிடந்தது. முன்பு அந்த வீட்டில் இருந்த யாரோ ஒருவருடைய பெயர். அனுப்பியது அவுஸ்திரேலியப் புள்ளிவிபரத் திணைக்களம். உள்ளே இருந்த கேள்வி நாடறிந்தது. ஒரே பாலைச் சேர்ந்த இருவர் திருமணம் செய்ய இடமளிக்கும்படி சட்டத்தை மாற்ற வேண்டுமா, ஆமா, இல்லையா?

வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டுமே கேட்டார்கள். எங்களைக் கேட்கவில்லை. 'இந்த விலாசத்தில் இல்லை' என்று எழுதி உறையைத் திருப்பி அனுப்பினோம்.

வாக்கு இல்லாவிட்டாலும் வாய் இருந்தது. தொழிற்சாலையில் தேநீர் நேரமெல்லாம் இதே கதை. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் சமோவா நண்பர் வேதத்தில் இல்லை, ஆகவே வேண்டாம் என்றார். லைனில் பக்கத்தில் நிற்கும் வியட்நாம் அக்கா, "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போனார். கத்தோலிக்க ஆயர்களும் முஸ்லிம் மதத் தலைவர்களும் பலர் எதிர்த்தார்கள். சிட்னி அங்கிலிக்கன் மறைமாவட்டம் எதிர்ப்புப் பிரசாரத்துக்குப் பத்து இலட்சம் டொலர் கொடுத்தது. நமது சைவத்துக்கு ஒரு பாப்பரசர் இல்லாதபடியால் அன்னதான வரிசையில் ஆளுக்கொரு நியாயம். ஒருவர் அர்த்தநாரீசுவரரைக் காட்டினார். மற்றவர், "அது தத்துவம், கலியாணம் வேறை" என்றார்.

இரவில் செய்தி பார்த்தபடி நாங்களும் பகிடி விட்டோம். இங்கே எழுதக்கூடாத பகிடிகள். எங்களில் இளையவனைத் 'தம்பி' என்றே கூப்பிடுவோம். எங்கள் சிரிப்புத் தொடங்கினால் அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவான். இரவு வேலைக் களைப்பு என்று நினைத்தோம்.

நவம்பர் 15இல் முடிவு வந்தது. 1 கோடி 27 இலட்சம் பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். நூற்றுக்கு 61.6 பேர் ஆம், 38.4 பேர் இல்லை. 150 தொகுதிகளில் 133 ஆம் என்றது. இல்லை என்ற 17இல் 12 நியூ சவுத் வேல்சில், அவற்றில் பெரும்பாலானவை சிட்னியின் மேற்குப் பக்கம். பிளாக்ஸ்லாந்தில் நூற்றுக்கு 73.9 பேர் இல்லை என்றார்கள். நம்மவர்கள் நிறைய இருக்கும் பரமற்றாவும் இல்லை என்றது. விக்டோரியாவில் புரூஸ், கல்வெல் இரண்டும் இல்லை. கிரான்பர்ன் அப்போது இருந்த ஹோல்ட் தொகுதி மயிரிழையில்தான் ஆம் பக்கம் போனது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர் ஆம் என்றால் அந்தப் பக்கம் ஒருவர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து கோயிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் கட்டிப்பிடித்து நிற்கும் சனங்கள் செறிந்த இடங்களே கூடுதலாக இல்லை என்றன. அதை நாம் மறைக்கத் தேவையில்லை.

அந்த மாதம் முடியுமுன் தம்பி வீட்டைவிட்டுப் போய்விட்டான். காரணம் சொல்லவில்லை. வாடகையில் எங்கள் பங்கு கூடிவிட்டதே என்றுதான் நாங்கள் கவலைப்பட்டோம்.

அதன்பிறகு தம்பியின் குரலைக் கேட்டது போன மாதம்தான். அவனுக்கு இப்போது நிரந்தர விசா. பேக்கரியில் வேலை செய்யும் ஒருவரோடு நான்கு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறான். இருவரும் பதிவுத் திருமணம் செய்யப் போகிறார்கள். "அண்ணை, நீங்கள் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ள நிக்குது. ஆனா எனக்கு இந்த நாட்டில வேறை ஆர் இருக்கினம்?" என்றான். சாட்சியாக எங்களில் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். அவன் அனுமதியோடுதான் எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம்.

அன்றிரவு வெகுநேரம் கதைத்தான். அகதி விசாரணையில் இராணுவம், முகாம் எல்லாம் சொன்னவன் இதை மட்டும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் தமிழர். அவர் வெளியில் சொல்லமாட்டார் என்று தெரிந்தும் நாக்கு எழவில்லையாம். இலங்கையில் 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இப்படிப்பட்டவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன. 1995இல் அதைத் திருத்தியபோது நீக்கவில்லை, பெண்களையும் சேர்த்தார்கள். நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. மசோதா நிறைவேறவில்லை. அவுஸ்திரேலியாவிலோ, 'ஊரில் மறைந்து வாழலாம்தானே' என்று சொல்லி இப்படியானவர்களின் அகதிக் கோரிக்கையைத் தள்ளமுடியாது என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2003இலேயே தீர்ப்பளித்துவிட்டது. வங்காளதேசத்து ஆண்கள் இருவர் போட்ட வழக்கு அது. இதெல்லாம் தம்பிக்கு அப்போது தெரியாது. கூட இருந்த எங்களுக்கும் தெரியாது. எங்களிடம் கேட்டிருக்கவும் அவனால் முடியாது.

கையெழுத்து விடயத்தில் வீட்டுக்குள் பிரச்சினை வந்தது. எங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை விரதம் தப்பவிடாதவர். "பாவத்துக்குச் சாட்சி நிக்கேலாது" என்றார். அவரைப் பழிக்க மாட்டோம். எல்லாவற்றையும் இழந்து கடல் தாண்டியவருக்குக் கையில் மிஞ்சியது சாமி ஒன்றுதான். அதையும் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் பொய்ப்பயம் அல்ல.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். 2004இல் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும் என்று பாராளுமன்றம் எழுதி வைத்தது. 2017 டிசம்பர் 9 முதல் 'இருவர்' என்று மாறியது. அதே சட்டத்தில், எந்தக் குருவும் ஐயரும் இமாமும் இப்படியான திருமணத்தை நடத்த மறுக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. மத நிறுவனங்கள் தங்கள் மண்டபத்தைக் கொடுக்காமலும் விடலாம். யுனைற்றிங் திருச்சபை 2018இல் ஒவ்வொரு போதகரும் தன் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கலாம் என்று விட்டது. மற்றச் சபைகள் பல மறுத்தே நிற்கின்றன. இரண்டுக்கும் இடமிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் எழுத்து வேறு, தாலி வேறு. எழுத்து அரசாங்கத்துக்கு, தாலி சாமிக்கும் சபைக்கும். சாதி மாறிக் கலியாணம் செய்தவர்களுக்கு எத்தனை கோயில்கள் கதவைச் சாத்தின? சபை கூடவில்லை, மேளம் வரவில்லை. ஆனால் பதிவுகாரர் எழுதினார். அந்த ஒரு எழுத்தை வைத்துத்தான் அவர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் கொடுத்தார்கள், சொத்துக் கொடுத்தார்கள். தம்பியும் தாலி கேட்கவில்லை. எழுத்துத்தான் கேட்கிறான்.

இன்னொன்றும் மனதில் குத்துகிறது. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் பாராளுமன்றப் பெரும்பான்மையோடுதான் நிறைவேறியது. எண்ணிக்கை கூடியவர்கள் கையை உயர்த்திக் குறைந்தவர்களின் வாழ்வைத் தீர்மானிப்பது என்றால் என்ன என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. ஆனால் 2017இல் நாடு முழுக்க தன்னைப் பற்றி ஆம், இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு பொடியன் எங்கள் சிரிப்புக்கு நடுவில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். பெரும்பான்மையால் அடிபட்டு வந்த நாங்கள் அந்த ஐந்து பேர் வீட்டில் பெரும்பான்மையாக இருந்தோம். அதுதான் வெட்கம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. பிள்ளை இப்படியொரு கதையோடு வந்தால் ஏசுங்கள், அழுங்கள், சாமியறையில் போய் இருங்கள். கதவை மட்டும் சாத்தாதீர்கள். வெளியே போன பிள்ளை திரும்பித் தொலைபேசி எடுக்கும் என்று எல்லோருக்கும் எழுதியிருக்காது.

வரும் மாதம் மெல்பேண் ஸ்பிரிங் வீதியில் உள்ள பழைய திறைசேரிக் கட்டடத்தில் பதிவு. பதினெட்டு வயதான சாட்சிகள் இருவர் வேண்டும். ஒருவர் மாப்பிள்ளை வீட்டுத் தங்கை. மற்றவர் எங்களில் ஒருவர். சாட்சி நிற்கக் குடியுரிமை தேவையில்லை. அன்று ஆம் என்றோ இல்லை என்றோ எழுத முடியாத எங்களுக்கு, இந்த நாட்டுத் திருமணப் பத்திரத்தில் ஒரு கோடு கிடைத்திருக்கிறது.

விரதக்காரர் இன்னும் இணங்கவில்லை. கந்தோருக்கு வரமாட்டாராம். ஆனால் நேற்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "பொடியனுக்கு இப்பவும் கத்தரிக்காய்ப் பால்கறி விருப்பமோ?" என்று கேட்டார். ஓம் என்றோம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.