வாழப் பழகுவோம்: முதல் விக் வாங்குமுன்



கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும் எங்கள் பெண்கள் முதலில் உயிரைப் பற்றிக் கேட்கிறார்கள். அடுத்ததாகத் தலைமயிரைப் பற்றிக் கேட்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்னலும் பூவுமாக வளர்ந்தவர்கள் நாங்கள். மயிர் கொட்டியபின் கோவிலுக்கும் போகாமல், கொண்டாட்டங்களுக்கும் போகாமல், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலுக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களை நான் அறிவேன்.

நான் வைத்தியம் படித்தவள் அல்ல, தொழிற்சாலையில் வேலை செய்பவள். ஜேர்மன் மொழி கொஞ்சம் தெரிந்தபடியால் நோயுற்ற சகோதரிகள் சிலருக்குத் துணையாக விக் கடைகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் இம்முறை எழுதுகிறேன்.

எல்லாக் கீமோவுக்கும் மயிர் கொட்டாது. உங்களுக்குக் கொட்டுமா என்று வைத்தியரிடம் நேரே கேளுங்கள். கொட்டுமென்றால் அநேகமாக முதல் மருந்து ஏற்றி 2, 3 கிழமைகளில் தொடங்கிவிடும். ஆகவே அதற்கு முன்பே கடைக்குப் போங்கள். சொந்த மயிர் இருக்கும்போதுதான் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கடைக்குப் போகுமுன் வைத்தியரிடம் விக்குக்கான றெசெப்ற் எழுதி வாங்குங்கள். இங்கு ஜேர்மனியில் கிராங்கன்காசே அதற்கு ஒரு தொகை தரும். எந்தக் கடையுடன் ஒப்பந்தம் இருக்கிறது என்று முதலில் காசேயிடம் விசாரியுங்கள். கடைக்காரர் விலைமதிப்பை அனுப்பி, சம்மதம் வந்தபின் வாங்குங்கள். சட்டப்படி நீங்கள் கட்ட வேண்டிய பங்கு 5 முதல் 10 யூரோ வரைதான். காசே தரும் தொகையைவிட விலை கூடிய விக்கை எடுத்தால் மிச்சம் உங்கள் கைக்காசு. அகதி வழக்கு முடியாமல் சோசியலில் இருப்பவர்கள் முதலில் அந்தக் கந்தோரில் கேட்க வேண்டும்.

இனி அளவு. எல்லோரும் முதலில் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் தலைக்குச் சரியாக இருக்காத விக் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலுமாரிக்குள்தான் கிடக்கும். தையல் நாடாவை எடுத்து, நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து காதுகளுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைச் சுற்றி அளவுங்கள். பெண்களுக்கு அநேகமாக 54 முதல் 57 சென்ரிமீற்றர் வரும். மயிர் கொட்டியதும் இந்த அளவு குறையும். ஆகையால் பிடரியில் இறுக்கவும் தளர்த்தவும் பட்டி உள்ளதை எடுங்கள்.

போட்டபின் குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள், நகரக் கூடாது. ஓரத்துக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். நெற்றியில் தழும்பு பதிந்தால் இறுக்கம் கூட, பின்னேரம் தலையிடிக்கும். காதுக்கு முன்னால் வரும் இரண்டு துண்டுகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ளே பருத்தித் தொப்பி போட்டால் தோல் அரிக்காது.

நீளத்துக்கு வருவோம். இடுப்பு மட்டும் பின்னல் இருந்தவர் அதே நீளத்தைத்தான் தேடுவார். அந்த மனம் எனக்கு விளங்கும். ஆனால் முதல் விக் தோளுக்கு மேலே நிற்பதுதான் நல்லது. நீண்ட விக் பாரம், சிக்குப்படும். குளிர்காலக் கோட்டின் கழுத்துப்பட்டியிலும் சால்வையிலும் உரசி நுனி பஞ்சாகிவிடும். மருந்தால் களைத்த உடம்புக்குத் தினமும் சிக்கெடுக்கச் சக்தி இராது. கடையில் விக் அடர்த்தி கூடித்தான் இருக்கும். முகத்துக்கு ஏற்றபடி வெட்டிக் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.

நிறத்தில் கரிக்கறுப்பை எடுக்காதீர்கள். எங்கள் மயிர் அநேகமாக அதைவிட ஒரு படி இளகிய கறுப்பு. வகிடு எடுப்பவர்கள், வகிட்டில் தோல்போலத் தெரியும் துணி வைத்த விக்கைக் கேளுங்கள். குங்குமத்தை வகிட்டில் வைக்காமல் நெற்றியில் வையுங்கள், துணியில் கறை பிடித்தால் போகாது.

செயற்கை மயிர் விக் விலை குறைவு, கழுவினாலும் வடிவம் மாறாது. தொடங்குபவருக்கு அது போதும். ஆனால் சூடு ஆகாது. ஒவன் கதவைத் திறக்கும் ஆவியும் தாளிக்கும் சட்டியின் சூடும் முன்மயிரைச் சுருக்கிவிடும். சமைக்கும்போது கழற்றிவிட்டுத் துணி கட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் கழுவி நிழலில் உலர விடுங்கள்.

"அடுத்தவர் மயிரைத் தலையில் வைப்பதா?" என்று சில அம்மாமார் கேட்கிறார்கள். திருப்பதியில் நேர்த்திக்கு இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு உலகமெங்கும் விக்காகப் போகிறது. மனமில்லாதவர்கள் செயற்கையையே எடுக்கலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை.

கடைசியாகக் கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கண்ணாடிக்கு முன்னால் அவரே தெரிவு செய்யட்டும். "பழைய மாதிரி இல்லை" என்று சொல்லாதீர்கள். வீட்டுக்குள் வெறுந்தலையோடு இருக்க அவருக்கு விருப்பமென்றால் அப்படியே இருக்கட்டும். விக் வெளியே போவதற்கு. வீட்டில் அவர் ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.