நான்காண்டுக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நெசவாளர் பகுதியான எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அப்பாக்கள் என்னைத் தேடி வருவார்கள். நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. 15 ஆண்டு முடித்தால் பென்ஷன் என்றிருந்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். “பையன் அக்னிவீருக்கு ஆன்லைன்ல போட்டிருக்கான் சார். கிடைச்சா உங்கள மாதிரி பென்ஷன் வருமில்ல?” என்பார்கள். வராது என்றால் முகம் சுருங்கிப் போகும். பையனுக்கும் அது அப்போதுதான் தெரிகிறது.

சிங்கப்பூரில் குடியுரிமையோடு இருக்கும் நம் சொந்தக்காரப் பையன்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 18 வயதானால் இரண்டு ஆண்டு படைச் சேவை அங்கே கட்டாயம். இங்கே யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. நாமே போய்ப் பதிவு செய்கிறோம். அதனால் தெரிந்து முடிவெடுக்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.

அக்னிவீர்களைச் சேர்க்க 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தின் கணக்கு இது. பதினேழரை வயதில் சேரலாம். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். நான்காம் ஆண்டு 40,000. மாதாமாதம் 30 சதவீதம் பிடித்தம் போக, முதல் ஆண்டு கைக்கு வருவது 21,000. பிடித்த தொகைக்கு ஈடாக அரசும் போட்டு, நான்காண்டு முடிவில் 10.04 லட்சமும் வட்டியும் தரும். 48 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக நிற்பார்கள். துணை ராணுவப் படைகளில் ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். ஆனால் ஒதுக்கீடு வேறு, கையில் கிடைக்கும் வேலை உத்தரவு வேறு.

நான் திட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஒரகடம் தொழிற்சாலைகளில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகும் பையனுக்கும் பென்ஷன் கிடையாது. 22 வயதில் பத்து லட்சத்தோடும் ஒழுங்கோடும் திரும்புவது அவனுக்கு நல்ல தொடக்கமாக இருக்கலாம். ஆனால் இது நான்காண்டு ஒப்பந்தம். அதை ஆயுள் முழுக்க அரசாங்க வேலை என்று நினைத்து வீட்டில் கணக்குப் போடக் கூடாது.

தறி வீட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். மகன் போனால், மறுபக்கக் கரைக்கு நாடா போட அப்பா கூலிக்கு ஆள் தேட வேண்டும். நான்காண்டு கழித்து வருபவன் குழித்தறியில் கால் வைப்பானா என்றும் சொல்ல முடியாது. நெசவும் படையும் நமக்குப் புதிதல்ல. நெசவுச் சமூகமான கைக்கோளரின் படைகள் சோழர் கல்வெட்டுகளிலேயே வருகின்றன. பெருமைக்கு அது போதும். அடுப்பு எரிய இந்தக் கணக்குதான் வேண்டும்.

இதைவிட எனக்கு ஆதங்கம் வேறொன்றில். படைக்குள் போக வேறு வாசலும் உண்டு என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பிளஸ் டூ படிக்கும்போதே என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வை எழுதலாம். யு.பி.எஸ்.சி. அதை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. தேறினால் அதிகாரி, முழுப் பணிக்காலம், பென்ஷன் எல்லாம் உண்டு. 2021 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. 2025 மே மாதம் அவர்களின் முதல் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அக்னிவீர் தேர்வைத் தமிழில் எழுத முடிகிறது, அதிகாரித் தேர்வை முடியாது. தமிழ் வழியில் படித்தவன் சிப்பாயாகத்தான் போக வேண்டுமா?

என்.டி.ஏ. தேர்வைத் தமிழிலும் நடத்தும்படி மாநில அரசும் நம் எம்.பி.க்களும் விடாமல் கேட்க வேண்டும். பள்ளிகள் பிளஸ் ஒன்னிலேயே, என்.சி.சி. ஆசிரியரையோ என்னைப் போன்ற முன்னாள் படைவீரரையோ அழைத்து, எல்லா வழிகளையும் அவற்றின் கணக்குகளோடு சொல்ல வைக்க வேண்டும். பெற்றோரும் பிரவுசிங் சென்டரில் பணம் கட்டுமுன் பையனிடம் ஒன்று கேளுங்கள்: “அஞ்சாவது வருஷம் என்னப்பா செய்வே?” அதற்கு அவனிடம் பதில் இருந்தால் தாராளமாக அனுப்பி வையுங்கள்.