மீன் தின்னும் மின்சாரம்

மேட்டுப்பாளையத்துக்கு மேலே, பில்லூர் அணையில், பவானித் தண்ணீர் மின்சாரமாகிறது. கீழே ஊருக்குள்ளோ, ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே கம்ப்யூட்டர் திரையில் வண்ண மீன்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன. "ஸ்கிரீன் சேவர் போட்டிருக்குதுங்க, கரண்ட் மிச்சம்" என்கிறார் வீட்டுக்காரர். மிச்சமாவது, மண்ணாவது! பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் ஒரே படம் நின்று தழும்பு விழாமலிருக்க வந்த ஏற்பாடு அது. திரையும் எரிகிறது, பெட்டியும் ஓடுகிறது.

கணக்குப் பாருங்கள். பெட்டியும் திரையுமாக 80 வாட் என்று வைத்துக்கொண்டாலும், தினம் 10 மணி நேரம் சும்மா ஓடினால் 60 நாளில் 48 யூனிட். 2016-ல் அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டை இலவசமாக்கியதே, அதில் ஏறக்குறையப் பாதி மீன்களுக்குத் தீனி!

செட்டிங்ஸில் 'பவர்' பகுதியைத் திறந்து, திரை 5 நிமிஷத்தில் அணையவும், பெட்டி 15 நிமிஷத்தில் உறங்கவும் சொல்லிவைத்தால் போதும். உறங்கும் பெட்டிக்குச் சில வாட்தான் செலவு. "இடையிலே கரண்ட் போனா செஞ்ச வேலை போயிடுமுங்களே?" நியாயமான பயம்; 2012-ன் மின்வெட்டைக் கோவைக்காரர் மறப்பாரா? அதற்குத்தான் 'ஹைபர்னேட்' இருக்கிறது. வேலையை வட்டில் எழுதிவைத்துவிட்டுப் பெட்டி அணைந்துவிடும். மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கண்ணில் படாவிட்டால் பழைய கண்ட்ரோல் பேனலில் தேடுங்கள்.

மீன் பார்க்கும் ஆசை விடாதவர்கள் ஒரு தொட்டி வாங்கிக்கொள்ளலாம்.