ஆணி அடிக்க முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்



கிளிநொச்சியில் நான் அடிக்கடி போய்வரும் ஒரு வீட்டில், அக்கா ஒருவரின் கணவருடைய படம் மூன்று மாதமாக றங்குப் பெட்டியின் மேல் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்கு ஏன் அவை இல்லை என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முன்பு அது சுவரில்தான் இருந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோவிலடியில் உறவுகளின் போராட்டம் தொடங்கிய பிறகு, அக்கா அதைக் கழற்றிக்கொண்டு போவதும் திரும்பக் கொண்டுவந்து கொழுவுவதுமாக இருந்தார். ஆணி மெல்ல மெல்ல இளகியது. ஒருநாள் இரவு படம் பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. கீழே பாயில் பேத்தி படுத்திருந்தாள். கண்ணாடித் துண்டுகள் அவளுடைய கால்மாட்டில் கிடந்தன. தலைமாட்டில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“தம்பி வந்தால் அடிச்சுத் தருவான்” என்றார் அக்கா. தம்பிக்குக் கொழும்பில் வேலை. வேலி அடைக்கிறோம், கிணறு இறைக்கிறோம், வங்கிக்கும் கச்சேரிக்கும் தனியே போய் வருகிறோம். ஓர் ஆணிக்கு மட்டும் ஆண்பிள்ளை வரும்வரை காத்திருக்கிறோம்.

அக்காவின் ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு அங்குல ஆணி. சுவரில் பூச்சே அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆகவே கல்லுக்குள் போனது அரை அங்குலம்கூட இல்லை. படத்தை இத்தனை காலம் தாங்கியது பெரும்பாலும் பூச்சுத்தான். பூச்சு பாரம் தாங்குவதற்குரியதல்ல. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்த பிறகுதான் சுத்தியலைத் தூக்க வேண்டும்.

அறிவதற்கு முதல் கருவி உங்கள் விரல் மொழிதான். கரண்டிக் காம்பும் போதும். நினைத்த இடத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்தையும் தட்டுங்கள். இறுக்கமான சத்தம் வந்தால் பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கிறது. வெறும் பானையைத் தட்டியதுபோல் வந்தால் பூச்சு கல்லை விட்டுக் கழன்று நிற்கிறது, அல்லது உள்ளே துவாரமுள்ள கல் இருக்கிறது. அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அக்காவின் சுவரில் நாங்கள் தட்டியபோது பழைய ஆணித் துளையைச் சுற்றி ஒரு தட்டளவுக்கு வெறுஞ்சத்தம். இரண்டு சாண் தள்ளி நல்ல சத்தம் கேட்டது.

வெளிப்பக்கம் பூசாத வீடானால் இன்னும் இலகு. சீமெந்துக் கல் சாந்தோடு சேர்த்து ஏறக்குறைய 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். யன்னல் கரையிலிருந்து அளந்து, கல்லின் நடு எங்கே வருகிறது என்று வெளியே பார்த்து, அதே அளவை உள்ளே குறியுங்கள். இந்திய உதவி வீட்டுத்திட்டம் போன்றவற்றில் வீட்டுக்காரரே மேசனைப் பிடித்துக் கட்டியதால், எந்தச் சுவருக்கு எந்தக் கல் வைத்தது, எங்கே கொங்கிறீற் போட்டது என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஞாபகம் பெரிய உதவி. கதவு யன்னலுக்கு மேலே ஓடும் கொங்கிறீற்றில் சாதாரண ஆணி வளைந்துவிடும். உள்ளே கம்பியும் உண்டு. அங்கே மல்லுக்கட்ட வேண்டாம்.

மின்சாரம் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சுவருக்குள் பதித்த வயர்கள் பெரும்பாலும் சுவிட்சிலிருந்தும் பிளக்கிலிருந்தும் நேராக மேலேயோ கீழேயோ போகும். அந்த நேர்கோட்டில் ஒருபோதும் ஆணி அடிக்காதீர்கள். இரவில் ரோச் லைற்றைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டிப் பூசிய தடம் மேடுபள்ளமாகத் தெரியும். அதோடு நின்றுவிடாமல் மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டே வேலையைத் தொடங்குங்கள். 230 வோல்ட் உங்களுக்கு இன்னொரு முறை பாடம் சொல்லித் தராது.

இன்னும் தகரக் கொட்டிலில் இருப்பவர்களும் உண்டு. தகரத்தில் எதையும் கொழுவாதீர்கள். வெளியே போய்ப் பார்த்தால் தகரத்தை அடித்த ஆணிகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசைக்குப் பின்னால்தான் மரம் இருக்கிறது. பிளைவூட் பலகையால் அறை பிரித்திருந்தால் ஆணித் தலைகள் பெயின்ற்றுக்குள் மறைந்திருக்கும். உடைந்த வானொலியின் ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டிப் பலகையோடு உரசித் தொங்கவிட்டு மெல்ல நகர்த்துங்கள். ஆணி உள்ள இடத்தில் அது இழுபடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று இடத்தில் இழுபட்டால் அங்கே நிலைச்சட்டம் நிற்கிறது. முன்பள்ளி ஒன்றில் பிள்ளைகளின் பைகளுக்குக் கொளுக்கி போட இப்படித்தான் சட்டம் தேடினோம். பிள்ளைகள் காந்தத்தைத் திருப்பித் தரவே இல்லை.

இனி அக்காவின் படம். கழற்றிக் கொழுவும் பொருளுக்கு ஆணி சரிவராது என்று முடிவு செய்தோம். பக்கத்து மேசனாரிடம் ட்றில்லை இரவல் வாங்கி, சுவருக்குரிய 6 மில்லிமீற்றர் அலகைப் போட்டோம். முதலில் வந்த தூள் பூச்சினுடையது. அதன் பிறகு அலகு ஒரே சீராக இறுகிப் போனது, கல் நல்ல கல். திடீரென்று உள்ளே வழுகியிருந்தால் துவாரம் என்று அறிந்து நிறுத்தியிருப்போம். தூளை ஊதி எடுத்து, பிளாஸ்ரிக் வோல் பிளக்கை உள்ளே தட்டி, இரண்டு அங்குலக் கொளுக்கித் திருகாணியை முறுக்கினோம். ட்றில்லை அக்காவே பிடித்தார். முதல் தடவை கை நடுங்கிற்று. சத்தம் அவருக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும், நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்படிச் சத்தம் ஒத்துவராதவர்கள் சிறு உளியாலும் சுத்தியலாலும் மெல்லக் கொத்தித் துளை எடுக்கலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கொழுவ முன் கொளுக்கியில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அரைவாசிக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு விட்டோம். அசையவில்லை. பேத்தியின் பாயையும் மற்றச் சுவரோரம் மாற்றிப் போட்டோம்.

மறுநாள் காலை புதுக் கண்ணாடி போட்ட படத்தை அக்கா கொழுவினார். கொழுவிவிட்டு உடனே கழற்றினார், திரும்பக் கொழுவினார். கை எட்டும் உயரம்தானா என்று பார்த்தாராம். மிஞ்சிய வோல் பிளக்குகள் சீனிப் போத்தலில் கிடக்கின்றன, அடுத்தது சுவாமிப் படத் தட்டு என்கிறார்.