கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகம்

லெண்டிங் லைப்ரரிகளில் உறுப்பினராக இருந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் நினைவிருக்கும். சித்திரக்கதைப் புத்தகம் கைக்கு வந்தவுடன் முதலில் பின்னட்டைப் பக்கம் புரட்டி, இறுதித் தாள் இருக்கிறதா என்று பார்ப்போம். பல கைகள் மாறிய புத்தகங்களில் முதலில் உதிர்வது அட்டை, அடுத்து அதை ஒட்டியிருக்கும் தாள். ஆகவே எத்தனையோ கதைகளில் கள்வன் யார் என்பது தெரியாமலேயே நாங்கள் வளர்ந்தோம். அதற்காகப் பெரிதாக வருந்தியதாக நினைவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே ஆளுக்கொரு முடிவைச் சொல்லிவிடுவோம்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம், அண்மையில் நண்பர்களுக்கிடையே எழுந்த ஒரு விவாதம். எங்கள் பால்யத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட டின்டின் வரிசைக்கு ஒரு சரியான முடிவு இல்லையே, அதை யாராவது எழுதி வரைந்து முடித்து வைக்கக் கூடாதா என்று ஒருவர் ஆதங்கப்பட்டார். நாற்பதைக் கடந்தவர்கள் கூடியிருந்த இடம். பெரும்பாலோர் ஆமோதித்தனர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் இல்லை என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரெமி தன் பெயரின் முதலெழுத்துகளை முன்பின்னாக மாற்றி வைத்துக்கொண்ட புனைபெயர்தான் ஹெர்ஜே. 1929 ஜனவரி 10 அன்று, புரூஸல்ஸ் நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில் டின்டின் முதன்முறையாக வந்தான். அன்று தொடங்கிய பயணம் 1976இல் ‘டின்டினும் பிக்காரோக்களும்’ நூலோடு, முழுமை பெற்ற 23 புத்தகங்களாக நின்றது. அந்த 47 ஆண்டுகளில் டின்டினுக்கு ஒரு வயதுகூட ஏறவில்லை. வங்காளத்துக் குழந்தைகள் ‘ஆனந்தமேளா’ இதழ் வழியே அவனைத் தம் மொழியில் பெற்றார்கள். அங்கே அவன் நாய்க்குக் ‘குட்டுஷ்’ என்று செல்லப்பெயர்கூட உண்டு. நாங்களோ ஆங்கிலப் பதிப்பைப் பாதி புரிந்தும் பாதி படத்தைப் பார்த்து ஊகித்தும் படித்தோம். கேப்டன் ஹடாக்கின் வசவுகளில் ஒன்றுக்கும் பொருள் தெரியாது. ஆனால் அத்தனையையும் உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

வரிசைப்படி படிக்கும் வாய்ப்பும் எங்களுக்கு இருந்ததில்லை. கிடைத்தது எதுவோ அதுவே அடுத்த புத்தகம். நிலவுக்குப் போய்த் திரும்பியவனை மறுவாரம் பழைய ஷாங்காயில் சந்திப்போம். முதலும் முடிவும் இல்லாத ஒரு வட்டமாகத்தான் அந்த உலகம் எங்களுக்கு இருந்தது. அதற்கு ஒரு கடைசிப் புத்தகம் இருக்கிறது என்பதே வளர்ந்த பிறகு அறிந்த செய்தி.

‘பிக்காரோக்கள்’ நூலை நடுவயதில் திரும்ப வாசிப்பது விசித்திரமான அனுபவம். முழங்காலுக்குக் கீழே முடியும் அந்தப் பழைய கால்சட்டையை விட்டுவிட்டு டின்டின் சாதாரணப் பழுப்புநிற முழுக்கால்சட்டை அணிந்திருக்கிறான். பயணத்துக்கு அழைத்தால் முதலில் வர மறுக்கிறான். ஹடாக் அவனை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஒரு சர்வாதிகாரியை வீழ்த்தி இன்னொரு தளபதியை அரியணையில் ஏற்றுகிறார்கள். இறுதியில் அந்த நாட்டின் குடிசைப் பகுதி ஒன்று காட்டப்படுகிறது. அதே குப்பை, அதே ரோந்துக் காவலர்கள். பலகையில் வாழ்த்தப்படும் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. வீடு திரும்பினால் போதும் என்ற மனநிலையில் நண்பர்கள் விமானத்தில் இருக்கிறார்கள். சிறுவயதில் இந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறோம். இன்று அதைத் தாண்ட முடிவதில்லை. டின்டினின் வயதில் வாசிக்கத் தொடங்கியவர்கள், தெரியாமலேயே ஹடாக்கின் வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

ஆனால் ஹெர்ஜே அதோடு நின்றுவிடவில்லை. ‘டின்டினும் ஆல்ஃப்-ஆர்ட்டும்’ என்ற 24ஆவது கதையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, 1983 மார்ச் 3 அன்று காலமானார். நவீன ஓவியச் சந்தையையும் போலி ஓவியங்களையும் பற்றிய கதை அது. எஞ்சிய கோட்டுருவங்களிலிருந்து தேர்ந்தெடுத்த 42 பக்கங்களை 1986இல் நூலாக்கினார்கள். வழக்கமான டின்டின் புத்தகம் 62 பக்கம். கடைசிப் பக்கத்தில் வில்லனின் ஆட்கள் டின்டினைத் துப்பாக்கி முனையில் நடத்திச் செல்கிறார்கள். அவனுக்காகத் தீட்டியிருக்கும் திட்டம் இது: திரவப் பாலியெஸ்டரை அவன்மேல் ஊற்றி இறுகவைத்து, செஸார் என்ற பிரெஞ்சுச் சிற்பியின் பாணியிலான சிலை என்று சொல்லி ஓர் அருங்காட்சியகத்துக்கு விற்றுவிடுவது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஏதுமில்லை. உலகம் முழுமைக்கும் கடைசித் தாள்கள் கிழிந்துபோன ஒரே பிரதி!

தான் இறந்த பிறகு வேறு எவரும் டின்டினை வரையக் கூடாது என்பது ஹெர்ஜேயின் விருப்பம். உயிருடன் இருந்தபோதே அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். பல்லாண்டுகள் அவரோடு பணியாற்றிய பாப் தெ மூர் இக்கதையை முடித்துத்தர விரும்பினார். இறுதியில் ஹெர்ஜேயின் மனைவி ஃபானி, இருந்தது இருந்தபடியே வெளியிடுவது என்று முடிவெடுத்தார். இந்த முடிவின் மீதுதான் நண்பர்களுக்குக் கோபம்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 1977இல் கோசினி மறைந்த பின்னும் யூதர்ஸோ தனியே ஆஸ்டரிக்ஸைத் தொடர்ந்தார். 2013 முதல் ஃபெரி, கான்ராட் என்ற புதியவர்கள் கையில் அது வளர்ந்தது. கால்களின் குடியா மூழ்கிவிட்டது? மேலும், நம் மரபில் கதை யாருக்கும் சொந்தமானதல்லவே. வான்மீகியின் கதையைக் கம்பன் எடுத்துக்கொண்டான். பாரதக் கதையைத் தெருக்கூத்துக்காரர் தம் ஊருக்கேற்ப வளைத்துக்கொண்டார். டின்டினுக்கு மட்டும் என்ன தனிச்சட்டம் என்று கேட்டார்கள்.

கேள்வி வலுவானது. ஆனால் கம்பன் வான்மீகியைப் போல எழுத முயன்றவனல்லன். தன் காலத்தை, தன் மொழியை, தன் தரிசனத்தைக் கொண்டுவந்தவன். நண்பர்கள் கேட்பது அத்தகைய மறுபடைப்பை அல்ல. அதே கோடு, அதே நிறம், அதே நகைச்சுவை, எங்கள் நினைவில் உள்ளபடியே இன்னும் 20 பக்கங்கள். மறுபடைப்புக்கும் அச்சுநகலுக்கும் உள்ள தொலைவு இது.

நாங்கள் உண்மையில் நேசித்தது எதை என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. டின்டினுக்கு வயதாகவில்லை, ஹெர்ஜேக்கு வயதாயிற்று. 1931இல் நூலாக வந்த காங்கோ கதையில் ஆப்பிரிக்க மக்களை அவர் வரைந்த விதம் இன்று பார்க்கக் கூசுகிறது. காலனியாதிக்கத்தின் கண்கொண்டு, நேரில் காணாத ஒரு நிலத்தை வரைந்த இளைஞனின் வேலை அது. 1934இல் ஜாங் சோங்ரென் என்ற சீன மாணவரைச் சந்தித்தார். அந்த நட்பின் விளைவாக ‘நீலத் தாமரை’யில் சீனா உண்மையான தெருக்களும் உண்மையான துயரங்களும் கொண்ட நாடாக வந்தது. 1960இல் ‘திபெத்தில் டின்டின்’. அதில் வில்லன் என்று ஒருவனே இல்லை. பனியில் தொலைந்த ஒரு நண்பனைத் தேடிப் போவது மட்டுமே கதை. 1963இல் வந்த ‘காஸ்டஃபியோரின் மரகத’த்தில் ஒருவரும் எங்கும் போவதில்லை, திருடியது ஒரு பறவை. அந்த நீண்ட வரிசையில் ஓடிக்கொண்டிருப்பது ஒரு மனிதர் மெல்ல மெல்ல மாறிய வரலாறு. சிறுவர்களாக அதை நாங்கள் அறியவில்லை. ஆனால் எங்களைத் திரும்பத் திரும்ப இழுத்தது அந்த அசைவுதான் என்று இன்று தோன்றுகிறது.

பிறிதொருவர் கையில் இந்த அசைவு நின்றுவிடும். அவர் எத்தனை தேர்ந்த ஓவியராயினும், ‘டின்டின் என்றால் இப்படித்தான்’ என்று முன்பே தீர்மானித்த ஒன்றைத்தான் அவரால் வரைய முடியும். சற்று விலகினாலும் நாங்களே, இந்த நாற்பது வயதுக்காரர்களே, முதலில் சண்டைக்குப் போவோம். உயிருள்ள ஒருவன்மேல் பாலியெஸ்டரை ஊற்றி இறுகவைக்கும் அந்த வில்லனின் திட்டத்துக்கும் எங்கள் ஆசைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

அருங்காட்சியக வேலை ஏற்கெனவே பாதி நடந்துமுடிந்துவிட்டது. 2009இல் லூவேன்-லா-நியூவில் ஹெர்ஜேக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்கள். 2021 ஜனவரியில் ‘நீலத் தாமரை’ அட்டைக்காக ஹெர்ஜே வரைந்த ஓவியம் ஒன்று பாரீஸ் ஏலத்தில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போயிற்று. எந்தக் குழந்தையும் அந்த ஏலத்தில் கை உயர்த்தியிருக்காது. சிறார் இலக்கியத்தைப் பெரியவர்கள் மெல்லத் தம் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்கிறோம். முடிவு வேண்டும் என்று கேட்பதும் அதன் இன்னொரு வடிவம்தான். ஏனெனில் முடிவுக்கு ஏங்குவது குழந்தை அல்ல. தன் பால்யம் எந்த நாளில், எந்தப் பக்கத்தில் முடிந்தது என்று தெரியாமலேயே அதைக் கடந்துவந்துவிட்ட மனிதர்தான், அதற்கு ஒரு கடைசிப் பக்கம் கேட்கிறார். அந்தப் பக்கத்தை ஹெர்ஜே வரைந்திருந்தாலும் அது எங்களுக்குப் போதாமல்தான் இருந்திருக்கும்.

இந்தக் கேள்வி இனி வாரிசுகளின் அனுமதியைப் பொறுத்தது மட்டுமல்ல. 1929இல் வந்த முதல் டின்டின் பக்கங்கள் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டன. ஐரோப்பாவில் 2054இல் காப்புரிமை காலாவதியாகும். அப்போது யாரும் எதையும் வரையலாம். வரையவும் செய்வார்கள். அவர்களில் ஒரு கம்பன் தோன்றினால் வணங்கி வரவேற்க வேண்டியதுதான். நாங்கள் சொல்வது சட்டத்தைப் பற்றியல்ல, வாசகர்களாக நாம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பற்றி. பழைய சுவையையே மீண்டும் கேட்கும் வாசகனுக்குச் சந்தை அதையே வார்த்துக் கொடுக்கும்.

விவாதம் முடிந்த சில நாட்களுக்குப் பிறகு, எங்களில் ஒருவர் ‘ஆல்ஃப்-ஆர்ட்’ நூலைத் தம் ஒன்பது வயது மகளிடம் கொடுத்திருக்கிறார். இதில் முடிவு இல்லை என்று முன்கூட்டியே எச்சரித்தும் இருக்கிறார். கோட்டுருவங்களை விரலால் தொடர்ந்தபடி கடைசிக் கட்டம் வரை வந்தவள், அவன் எப்படித் தப்புவான் என்று மூன்று வழிகள் சொன்னாளாம். மூன்றிலும் நாய்க்குத்தான் முக்கிய வேலை. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ‘அடுத்தது எது?’ என்று அலமாரிப் பக்கம் போய்விட்டாள். அப்பா மட்டும் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.