கும்பகோணத்துக் கடைவீதியும் பொங்கல் பரிசும்

பண்டிகைக் காலங்களில் ஒருவருக்கொருவர் பரிசளித்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெருகி வருவது சந்தோஷத்துக்குரியதே என்றாலும், அந்தப் பரிசுகளில் பெரும்பாலானவை பளபளக்கும் காகிதம் சுற்றிய பெட்டிகளாக வந்து, பிரிக்கப்படாமலேயே அலமாரியின் மேல்தட்டில் சில மாதங்கள் தங்கியிருந்து, பிறகு வேறொரு வீட்டு விசேஷத்துக்கு அப்படியே பிரயாணமாகிவிடுகின்றன என்பதை எந்தக் குடும்பத் தலைவியும் மறுக்கமாட்டார். கொடுத்தவர் வாங்கும்போது பெறுகிறவரின் முகத்தை நினைக்கவில்லை. பெற்றவருக்கும் அதைப் பார்க்கையில் கொடுத்தவரின் முகம் ஞாபகத்துக்கு வருவதில்லை. பரிசு என்பது தினந்தோறும் கையில் எடுத்து உபயோகிக்கக்கூடிய எளிய வஸ்துவாக இருக்கவேண்டும், அதுவும் இன்னாருக்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டு வீதி வீதியாக நடந்து தேடியதாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அப்படித் தேடுவதற்குப் பொங்கல் விடுமுறையில் கும்பகோணத்தைவிட உகந்த ஊர் ஒன்றை நான் அறியேன்.

இது நான் புதிதாகச் சொல்லும் கொள்கை அன்று. பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகும் பொங்கல் சீரில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் பரங்கிக்காயும் கரும்பும், இலையோடு கூடிய பச்சை மஞ்சள் கொத்தும் இருந்தனவேயன்றி, பார்த்துவிட்டு மூடிவைக்கும் பொருள் ஒன்றும் இருந்ததில்லை. நவராத்திரிக்கு வந்த சுமங்கலிக்கு வெற்றிலை பாக்கோடு சீப்பும் சிறு கண்ணாடியும் வளையலும் குங்குமமும் வைத்துக் கொடுத்தவர்கள், மறுநாள் காலையில் அவள் தலைவாரும் வேளையில் தங்களை ஒரு கணம் நினைப்பாள் என்று அறிந்தே கொடுத்தார்கள்.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணம், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தால் உலகப் பிரசித்தி பெற்ற ஊர். 2016-ல் நடந்த மகாமகத்துக்குப் பிறகு அடுத்தது 2028-ல் வருகிறது. ஆயினும் அந்த ஜன சமுத்திரத்தில் ஊரைப் பார்ப்பதைவிட, போகிக்கு முந்தைய நாட்களில், அவசரமில்லாமல், கும்பேசுவரர் கோயில் வாசலில் உள்ள நீண்ட மண்டபத்தின் இருமருங்கும் வரிசையாக இருக்கும் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடப்பதே அதை அறிந்துகொள்ளும் வழி. பெரிய கடைத்தெருவுக்குப் போனால் பாத்திரக் கடைகள் இருக்கின்றன. பித்தளையும் வெண்கலமும் எடைக்கு விற்கப்படும் அந்தக் கடைகளில், காபி பில்டரும் டபரா டம்ளரும் வேலைக்காக வெளியூர் போன பிள்ளைக்கு ஏற்றவை. தனிக்குடித்தனம் தொடங்கும் பெண்ணுக்கு வெண்கலப் பானை.

எனினும் அங்கே கிடைக்கும் பொருள்களிலெல்லாம் எனக்கு மிகவும் பிரியமானது ஈயச் சொம்பு. வெள்ளீயத்தால் ஆன அந்தச் சிறிய பாத்திரத்தில் கொதிக்கும் ரசத்துக்கு உண்டாகும் தனி ருசியைத் தஞ்சைச் சீமைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். வெள்ளீயம் ஏறக்குறைய 232 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகிவிடும் உலோகமாதலால், வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் கண் எதிரிலேயே உருகி ஒழுகிவிடும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்றவேண்டும், கொதித்ததும் இறக்கிவிடவேண்டும். விஷத்தன்மையுள்ள காரீயம் கலக்காத சொம்புதானா என்பதை நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குவதும் அவசியம். இவ்வளவு விஷயங்களையும் சொல்லித்தான் இதைக் கொடுக்க முடியும். அப்படிச் சொல்ல நேர்வதையே நான் அதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் சொம்போடு ஒரு வீட்டின் கைப்பக்குவமும் மற்றொரு வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

பெரியவர்களுக்குக் கொடுப்பதற்கு வெற்றிலையைவிட மேலானது என்ன இருக்கிறது! அகத்தி மரங்களின்மேல் கொடியாகப் படர்ந்து, காவிரிப் பாசனத்து வண்டல் மண்ணின் செழுமையால் இளசாகவும் காரம் மட்டாகவும் விளையும் கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொழுந்தாகப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, சீவல் பொட்டலம் ஒன்றும் கூடவைத்து, காணும் பொங்கலன்று நமஸ்காரம் செய்யப் போகும் வீட்டுப் பாட்டியின் கையில் கொடுத்தால், அது வாடுவதற்குள் உபயோகமாகி முடிந்துவிடும். முடிந்துபோகிற பொருள் பரிசாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அலமாரியில் இடம் கேட்காமல் ஒரு மாலைப் பொழுதை மணக்கச் செய்துவிட்டுப் போகும் பரிசு, வருஷக்கணக்கில் தூசி படியும் பரிசைவிட உயர்ந்தது என்றே நான் சொல்வேன்.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டிலேயே கணக்குகளைப் போட்டு, முழங்கையாலேயே அழித்து, மீண்டும் எழுதியவர் அவர். அந்தச் சிறிய வீட்டையும் திண்ணையையும் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, வெளியே வந்து ஆளுக்கொரு சிலேட்டும் பலப்பமும் வாங்கிக் கொடுங்கள். வாங்கிய இடமும் காரணமும் அந்தக் குழந்தையின் மனத்தில் நிற்கும். பத்துக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் சிறந்த பரிசுதான், ஆனால் அது கல்யாணம் கிரகப்பிரவேசம் போன்ற பெரிய சந்தர்ப்பங்களுக்கு உரியது. இந்த விடுமுறைக்குக் கொட்டாங்கச்சியில் மூங்கில் காம்பு செருகிய ஓர் அகப்பை போதும். பொங்கல் பானையைக் கிளறுவதற்கு அதைவிடப் பொருத்தமான கரண்டி இல்லை.

இருந்த இடத்திலேயே கைபேசியில் தொட்டால் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும் காலத்தில் இப்படி அலைவானேன் என்று இளைஞர்கள் கேட்பது நியாயமே. தூரதேசத்தில் இருப்பவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் அந்த வசதி பெரிய உபகாரம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, கடைவீதிக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்துகொண்டே பெட்டிப் பரிசுகளை வரவழைப்பவர்கள், எதைத் தேடுகிறோம் என்று அறியாமலே நடக்கையில் திடீரென்று ஒரு பொருள் கண்ணில் பட்டு, 'இது அத்தைக்கு ஆகுமே' என்று தோன்றும் அந்த ஆனந்தத்தை இழந்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, துணியால் ஈயத்தைத் தேய்த்து வெள்ளியாய் மின்ன வைக்கும் தொழிலாளியை இன்று எத்தனை தெருக்களில் காண்கிறோம்? பித்தளையை வாங்குவோர் குறைந்தால் அதற்கு ஈயம் பூசுவோரும் குறைவர். அந்தத் தொழில் மறைந்த பின், நாம் ஆசையோடு பாதுகாத்த பாட்டியின் பாத்திரத்தில் சமைக்க முடியாது.

வேலை செய்கிறவர்களுக்குப் பொங்கலுக்கென்று பெட்டி பெட்டியாக வாங்கி வழங்கும் நிறுவனத்தார் அந்தப் பணத்தில் ஒரு பகுதியையேனும் தத்தம் ஊர்ப் பாத்திரக் கடைக்கும் பாய்க்கடைக்கும் கூடை முடைபவர்க்கும் திருப்பிவிட்டால், பெறுகிற குடும்பத்துக்கும் பயன், செய்கிற குடும்பத்துக்கும் ஜீவனம். வாசகர்கள் இந்தப் பொங்கலுக்கு எந்த ஊரில் இருந்தாலும் சரி, அந்த ஊரின் பழைய கடைத்தெருவில் ஒரு மாலை குழந்தைகளோடு நடந்து, யாருக்கு எது உபயோகப்படும் என்பதை அவர்களையே யோசிக்கச் சொல்லி வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.