விலாசம் நம் கையில் இருக்கட்டும்



கடையை இடம் மாற்றினால் தபால்காரரிடமும் லாரி ஷெட்டிலும் முதலில் சொல்லி வைக்கிறோம். மின்னஞ்சலை இடம் மாற்றும்போது மட்டும் அந்தக் கவனம் நம்மிடம் இருப்பதில்லை. அதனால் நாங்கள் பட்ட நஷ்டத்தை இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம் ஒரு பெயரிலும், எண்ணெய் ஏஜென்சி வேறொரு பெயரிலும் நடக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி டொமைன், அதாவது இணைய விலாசம். இரண்டின் அஞ்சலும் ஒரே சர்வரில் இருந்தது. மளிகைக் கடையின் அஞ்சலை மட்டும் வேறு சர்வருக்கு மாற்றினோம். வெளியூர் மில்காரர்களின் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. ஆனால் எங்கள் ஏஜென்சியிலிருந்து கடைக்கு அனுப்பிய பில்கள் வரவில்லை, திரும்பியும் போகவில்லை. மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் தெரிந்தது.

பழைய சர்வரில் எங்கள் கடையின் பெயர் இன்னும் உள்ளூர்க் கணக்காகவே இருந்திருக்கிறது. ஆகவே அது வெளியே விலாசம் விசாரிக்காமல், தன்னிடமிருந்த பழைய பெட்டியிலேயே கடிதங்களைப் போட்டுக்கொண்டது. அதே சர்வரில் அஞ்சல் வைத்திருந்த ஒரு சில்லறைக் கடைக்காரரின் பண்டிகை ஆர்டரும் அங்கேயே கிடந்தது. நாங்கள் மதிக்கவில்லை என்று எண்ணி அவர் வேறு மண்டியில் வாங்கிவிட்டார். பல வருடப் பழக்கம் அது.

ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பதை எம்.எக்ஸ். பதிவு சொல்கிறது. 1986 முதல் உள்ள ஏற்பாடு இது. இரண்டு சர்வர்களை எழுதி எண் கொடுத்தால், சிறிய எண் உள்ளதற்கே அஞ்சல் முதலில் போகும். இந்தப் பதிவை மாற்றினால் மட்டும் போதாது. பழைய சர்வரில் உள்ள நம் பெயரையும் நீக்கச் சொல்ல வேண்டும். பழைய பெட்டியில் உள்ள கடிதங்களை அதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பெயரில் எந்தெந்தச் சர்வர் அஞ்சல் அனுப்பலாம் என்பதற்கு எஸ்.பி.எஃப். என்று தனிப் பதிவு உண்டு. பில் போடும் மென்பொருள் வேறு சர்வரிலிருந்து அனுப்பினால் அதையும் இதில் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இத்தகைய அத்தாட்சியைக் கட்டாயமாக்கியுள்ளது. அது இல்லாவிட்டால் நம் பில் குப்பைப் பெட்டிக்குப் போகலாம், திருப்பியும் அனுப்பப்படலாம்.

"கம்ப்யூட்டர் தம்பி பார்த்துக்கொள்வார்" என்பது நம்மவர் வழக்கம். வேலையை அவர் செய்யட்டும். ஆனால் கல்லாப்பெட்டிச் சாவியை அவரிடம் கொடுப்போமா? டொமைன் நம் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். அதன் பாஸ்வேர்டு, புதுப்பிக்கும் தேதி, எந்த டொமைனின் அஞ்சல் எந்தச் சர்வரில் இருக்கிறது என்ற விவரம் ஆகியவை கடையின் நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கி, நமக்கு வரும் கடிதங்களைப் பெறவும் வழியுண்டு.

சர்வர் மாற்றிய அன்றே வெளியிலிருந்து ஒரு கடிதமும், நம் மற்ற நிறுவனத்திலிருந்து ஒரு கடிதமும் அனுப்பிப் பாருங்கள். நாங்கள் அன்று இதைச் செய்திருந்தால் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்திருக்க மாட்டோம்.